மொட்டை, கோவைக்காரி, பேசாமடந்தை

ஜூலை 3, திங்கள்

மூன்று பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். மூன்றும் வீட்டுக்குள்ளேயே செய்வது, மூன்றும் வீடியோ. மூச்சு முட்டச் செய்து, கொஞ்சம் நின்று, மறுபடி மூச்சு முட்டச் செய்கிற வகை. ஒவ்வொன்றையும் சில நாள் செய்துபார்த்து, எது ஒத்துவருகிறதோ அதைத் தொடரலாம். எழுதி வைத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதற்காக இந்த நோட்டு. மிக்ஸி வாங்கும்போதே நாலு கடை ஏறி இறங்கிவிட்டு முதல் கடைக்குத் திரும்பி வந்தவள் நான்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். தம்பி ஆவுடையப்பனுக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. குடிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. அவன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். உடம்பே கல்லீரலைத் தாக்குகிற ஏதோ ஒரு நோயாம். இனி மருந்தால் ஆகாது, நெருங்கிய உறவில் யாராவது தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி செண்பகத்திடம் கைக்குழந்தை, ரத்த வகையும் சேரவில்லை. அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. அண்ணன் சங்கரனுக்கு இரண்டு பிள்ளைகள். எனக்கு முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, ரத்தம் எல்லோருக்கும் சேருகிற வகை. ஆகவே நான்.

ஆனால் ஸ்கேனில் என் கல்லீரலிலும் கொழுப்பு. "இப்ப இருக்கிற நிலைமையில எடுக்க முடியாதும்மா. ஆறேழு வாரம் பாருங்க. சாப்பாட்டைக் குறைங்க, நல்லா வேர்க்கிற மாதிரி பயிற்சி பண்ணுங்க. திரும்ப ஸ்கேன் எடுப்போம்" என்றார் டாக்டரம்மா.

நாளை முதல் பயிற்சி.

ஜூலை 4, செவ்வாய்

ஆங்கில நிகழ்ச்சி. நெருப்பு, வெடி என்று என்னவோ பெயர். நடத்துகிறவனுக்கு மொட்டைத்தலை, கழுத்தே இல்லை. மொட்டை என்றே எழுதுகிறேன். அரை மணி நேரமும் கத்துகிறான். பின்னால் பத்துப் பேர் கூடவே செய்கிறார்கள், ஒருவருக்கும் தொப்பை இல்லை. பிறகு எதற்குச் செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

தரையில் விழ வேண்டும், எழ வேண்டும், குதிக்க வேண்டும், மறுபடி விழ வேண்டும். பாதியில் கண் இருட்டியது. பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

மைதானத்தில் வேகமாக நடந்தாலே போதும் என்று அண்ணன் சொல்கிறான். போன வாரம் போனேன். முதல் சுற்றிலேயே மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள். "ஒன்ன மாதிரி அக்கா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்திருக்கிறது. அதற்கு மொட்டையிடம் திட்டு வாங்குவது தேவலை.

ஜூலை 5, புதன்

மாடிப்படி இறங்க முடியவில்லை. பால் பாக்கெட்டை வாளியில் கயிறு கட்டித் தூக்கினேன்.

ஜூலை 9, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். கண் மஞ்சள் கூடியிருக்கிறது. வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சியாக. கட்டிலில் படுத்தபடி போனில் மொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெயரைச் சொன்னதிலிருந்து அவனும் பார்க்கிறானாம்.

"எக்கா, ரெண்டாவது வரிசையில பச்சச் சட்ட போட்டவன் இருக்காம்லா, அவன் ஏமாத்துதான். மொட்ட திரும்புறப்ப மட்டும் குனியுதான். கவனிச்சியா?"

"எனக்கு என் மூச்சக் கவனிக்கவே நேரம் இல்ல."

"இங்க செஞ்சு காட்டு. முட்டி எங்க போவுதுன்னு பாக்கேன்."

அம்மா, செண்பகம் முன்னால் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். அவன் படுத்தபடியே, "குதிகால்ல நில்லு, முட்டி முன்னால வராத" என்றான். நாலு தடவை எழுந்ததும் அவனுக்கே மூச்சு வாங்கியது. பேசியதற்கு.

கிளம்பும்போது அம்மா என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "கொஞ்சம் வத்தியிருக்கு" என்றாள். கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி. சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிட்டாள். பாவம், அவளுக்கு அவன் கவலை.

ஜூலை 13, வியாழன்

சுடிதார் பேண்ட் நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. மொட்டை வேலை செய்கிறான்.

மதியம் கீழ்வீட்டு ஜெபமணி வந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி டியூட்டி, பகலில்தான் தூக்கம். கண் சிவந்திருந்தது.

"என்ன செய்யுதிய மேல? என் தல மேல நெல்லு குத்துத மாதிரி இருக்கு."

சொன்னேன். நின்றபடியே கேட்டாள். அவளுக்குக் கோபம் போய்விட்டது. "டியூட்டி முடிஞ்சு ஒம்போது மணிக்குத்தான் படுப்பேன். அதுக்கு முன்னால குதிச்சுக்கோங்க" என்றாள்.

ஆனாலும் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுப்பது நியாயமில்லை. பயிற்சியை மாற்றிவிடுகிறேன்.

மொட்டை பற்றிய முடிவு: பலன் அதிகம். சத்தமும் அதிகம். முட்டி வலி உண்டு.

ஜூலை 15, சனி

இரண்டாவது பயிற்சி, தமிழ். கோயம்புத்தூர்ப் பெண். சொந்த வீட்டு ஹாலில் செய்கிறாள், பின்னால் சோபாவில் துவைத்த துணி குவிந்து கிடக்கிறது. "வாங்க கண்ணுங்களா, இன்னிக்குத் தொடையப் பார்த்துக்கலாங்" என்று ஆரம்பிக்கிறாள். நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. "ஏனுங், அடுப்பக் கொஞ்சம் அணைச்சுடுங்" என்று யாருக்கோ குரல் கொடுத்துவிட்டு அதே மூச்சில் அடுத்த சுற்று. மொட்டை அளவுக்குக் குதிப்பதில்லை. ஆனால் இடைவெளி கொடுப்பதில்லை. பேசிக்கொண்டே கொல்கிறாள்.

ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது. கதவுகள் தானாக அடித்துக்கொள்கின்றன. வீட்டிலிருந்தே செய்கிற இன்சூரன்ஸ் கம்பெனி வேலையில் இரண்டு கிளெய்ம்களைத் தப்பாகப் போட்டுத் திருத்தினேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

ஜூலை 20, வியாழன்

ஓய்வு நாள்.

ஜூலை 21, வெள்ளி

ஓய்வு. காற்றில் தலைவலி.

ஜூலை 22, சனி

மார்க்கெட்டுக்குப் போனவள் திரும்பி வரும் வழியில் கடையில் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டுவிட்டேன். சால்னா ஊற்றிப் பிசைந்து. யாராவது பார்த்தால் என்ன என்று தெரு பார்த்தே உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை.

எப்போதாவது ஒருநாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று கோவைக்காரியே சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 27, வியாழன்

அண்ணன் போன் செய்தான். "எடை எவ்வளவு எறங்கியிருக்கு? லீவு சொல்லணும், அதான்." சொன்னேன். "நல்லா எறங்குதே" என்றான்.

ஜூன் மாதம் எல்லோரும் தம்பி வீட்டில் கூடியதை நினைத்துக்கொண்டேன். அண்ணன் பேச ஆரம்பித்ததும் மதினி அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் வேறு மாதிரி முடித்தான். "எனக்குக் குடும்பம் இருக்கு. காந்திமதிக்குத்தான் பிள்ளையா குட்டியா, ஒரு பொறுப்பும் கெடையாது." அம்மா உடனே, "அவ செய்வா" என்றாள். நான் அப்போது அடுப்படியில் எல்லோருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன், இதெல்லாம் அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். தட்டோடு வெளியே வந்தபோது செண்பகம் என் காலில் விழுந்தாள். எதற்கு என்று அப்புறம்தான் புரிந்தது.

எல்லாம் சரியான காரணங்கள்தான். கணக்குப் போட்டால் நானே அப்படித்தான் போட்டிருப்பேன்.

ஜூலை 30, ஞாயிறு

கோவைக்காரி பற்றிய முடிவு: பலன் உண்டு. புரோட்டாவையும் மீறி எடை குறைந்திருக்கிறது. ஆனால் பேச்சு தாங்க முடியவில்லை. "உங்க உடம்பு உங்க உரிமைங் கண்ணுங்களா" என்று கடைசியில் ஒவ்வொரு நாளும் சொல்கிறாள். இன்று அந்த இடத்தில் போனை அணைத்துவிட்டேன். நாளை மூன்றாவது.

ஆகஸ்ட் 2, புதன்

மூன்றாவது பயிற்சியில் குதிப்பு இல்லை, பேச்சும் இல்லை. எந்த நாடென்று தெரியவில்லை. வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு பெண் தனியாகச் செய்கிறாள். ஓரத்தில் வினாடி ஓடுகிறது, முடிந்தால் ஒரு மணி. அவ்வளவுதான். பேசாமடந்தை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பேச்சு இல்லாததால் என் மனசு பேச ஆரம்பித்துவிடுகிறது. எவ்வளவு நீளமாகக் கிழிப்பார்கள்? கல்லீரல் திரும்ப வளர்ந்துவிடுமாம், சரி. திரும்ப வளரும் வரைக்கும் எனக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்? நூற்றில், இருநூற்றில் ஒருத்தருக்கு ஏதாவது ஆகலாம் என்றார்களே, அந்த ஒருத்தி என்ன பயிற்சி செய்திருப்பாள்?

பலன்: இதுவரை இல்லை.

ஆகஸ்ட் 5, சனி

ஜெபமணி வந்தாள். "சத்தமே காணோம், அதான் பாக்க வந்தேன்" என்றாள். பேசாமடந்தையைக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது எத்தனையாவது?"

"மூணாவது. மூணையும் ஒப்பிட்டுப் பாக்கேன்."

"மொட்டையில எடை எறங்குச்சுன்னிய, விட்டுட்டிய. அடுத்தவகிட்டயும் எறங்குச்சுன்னிய, அவளையும் விட்டாச்சு. இதுல எறங்கலங்கிய. இதத்தான் விடாம செய்யுதிய." கொஞ்சம் தயங்கினாள். "குடுக்க இஷ்டமில்லையா?"

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மொட்டையை விட்டது அவள் தூக்கத்துக்காக. கோவைக்காரியை விட்டது பேச்சுக்காக. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மேலே எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நாலு ஊசி போட்டுவிட்டால் அடுத்தவர் மனசெல்லாம் தெரிந்துவிடுமா?

அலமாரியிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப அடுக்கினேன். மறுபடி எடுத்து வேறு மாதிரி அடுக்கினேன்.

ஆகஸ்ட் 9, புதன்

காலையில் தம்பி ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆம்புலன்சில் மதுரை. நானும் அண்ணனும் பின்னால் காரில். எண்டோஸ்கோப்பி பண்ணி, வெடித்த நாளத்தைக் கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். இனி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். ரொம்ப நாள் தள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

வராந்தாவில் அண்ணன் என்னைப் பார்த்தான். முகத்தை அல்ல, வயிற்றை. "ஸ்கேனுக்கு எப்ப கூப்பிட்டிருக்காவ?"

"இருபத்தொண்ணு."

"இன்னும் எத்தன நாளு வீடியோ பாத்துக்கிட்டு இருப்ப?"

செண்பகம் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே இருந்தாள். அவள் ரவிக்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நான் என் துப்பட்டாவைப் போர்த்திவிட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஊருக்குத் திரும்பினேன். மொட்டை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மொட்டை. அழுதுகொண்டே குதித்தேன். வேர்வையில் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

காலையில் மொட்டை, சாயங்காலம் கோவைக்காரி. ராத்திரிக்கு வெள்ளரிக்காய், மோர். காலையில் ஜெபமணி டியூட்டி முடிந்து வந்தவள் நேராக மேலே வந்துவிட்டாள். யூனிபாரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து, நான் விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கேட்டதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. முடிந்ததும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"இருக்கத்தான் செய்யும்" என்றாள். அவ்வளவுதான். கீழே போய்விட்டாள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

மதுரை. ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்பு போய்விட்டது. எடுக்கலாம்.

அம்மா என் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாள். அண்ணன் யாருக்கெல்லாமோ போன் செய்தான். நான் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். பரீட்சையில் பாஸ் ஆனவள் இப்படியா உட்கார்ந்திருப்பாள்?

அப்புறம் டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அம்மாவும் எழுந்தாள். "நீங்க வெளிய இருங்க" என்று கதவைச் சாத்தினார்.

"காந்திமதி, இத தர்றதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"அதுக்குத்தான வந்திருக்கேன் மேடம்."

"வந்திருக்கீங்க. சம்மதமான்னு கேட்டேன்."

நான் மேஜையிலிருந்த ஸ்கேன் கவரைப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு சொன்னார்: "வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லலாம். வெளிய நாங்க, 'அவங்க உடம்பு ஒத்துவரல'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். காரணம் உங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. ஆபரேசன் தியேட்டர் வாசல் வரைக்கும் நீங்க மனசு மாறலாம்."

ஜூன் மாதத்திலிருந்து இத்தனை பேர் இத்தனை பேசிவிட்டார்கள். சம்மதமா என்று யாரும் கேட்டதில்லை. இவர்தான் முதல் ஆள். இரண்டு நாள் டைம் கேட்டேன். "எடுத்துக்கோங்க" என்றார்.

வெளியே வந்ததும், "என்ன சொன்னாவ?" என்றாள் அம்மா. "சாப்பாடு பத்திச் சொன்னாவ" என்றேன்.

ஜெபமணி சொன்னது உண்மை. ஸ்கேனில் நான் தோற்றுப்போவேன் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியிருக்காது, ஸ்கேன் சொல்லிவிடும் என்று. இப்போது ஸ்கேனும் கைவிட்டுவிட்டது, டாக்டரம்மா வேறு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

காலையில் தம்பி கூடத் தனியாக இருந்தேன். செண்பகம் டிபன் வாங்கப் போயிருந்தாள். அவன் என் கையைப் பார்த்து, "நரம்பு தெரியுது, நல்லா செஞ்சிருக்க" என்றான்.

"ஆவுடை, எங்கிட்ட யாருமே கேக்கலல."

என்ன என்று அவன் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் வேணும்னுதான் கேக்கல."

"ஏன்?"

"கேட்டா நீ இல்லன்னு சொல்லிருவியோன்னு பயம். அம்மா 'அவ செய்வா'ன்னாள்ல, அப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். தூங்குத மாதிரி கண்ண மூடிக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அடிக்கிற மாதிரிக் கோபம். அடிக்க அந்த உடம்பில் இடமில்லை.

"எனக்குப் பயமா இருக்குல. செத்துப்போயிருவேனோன்னு இருக்கு. நான் செத்தா எனக்குப் பிள்ளையா குட்டியான்னு சொல்லுவாவ, ஒரு பொறுப்பும் இல்லாம போயிட்டான்னு."

அவன் அழுதான். மஞ்சள் கண்ணில் தண்ணீர் வந்தால் அதுவும் மஞ்சளாக இருக்குமோ என்று பைத்தியம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை.

"இப்பக் கேக்கேன்" என்றான். "தருவியாக்கா? இல்லன்னா இல்லன்னு சொல்லு. செண்பகத்துகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஒன் பேரு வராது."

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். சரி என்று தலையை ஆட்டினான்.

ஆகஸ்ட் 23, புதன்

லாட்ஜ் அறையில் உட்கார முடியாமல் வெளியே வந்து, ஆஸ்பத்திரி இருக்கிற சாலையில் போகவும் வரவுமாக நடந்தேன். இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. ஒருவரும் நிறுத்தவில்லை, கும்பிடவில்லை. வெயில் ஏறும் வரைக்கும் நடந்தேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், வாய்விட்டே. சொல்ல முடிந்தது. சொல்ல முடிகிறது என்று தெரிந்த பிறகு அதையே சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

டாக்டரம்மாவிடம் சம்மதம் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். பிறகு தம்பியிடம். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் வராந்தாவில் அம்மா, அண்ணன், மதினி மூன்று பேரும் இருக்கும்போது சொன்னேன்.

"ஆபரேசனுக்கு அப்புறம் அம்மா என்கூட இருக்கணும்."

அம்மா திகைத்துப்போனாள். "அவன் பொழைக்கணுமேட்டி. அவன்கூட..."

"அவனுக்குச் செண்பகம் இருக்கா. அண்ணன் லீவு போடுதான். எனக்கு யாரும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப எனக்கு அம்மா வேணும்."

அண்ணன் வாயைத் திறந்தான். இந்தத் தடவை மதினி அவன் முழங்கையைத் தொட்டுத் தடுத்துவிட்டு, "காந்தி கேக்குதது நியாயந்தான், அத்த" என்றாள்.

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். இந்த முறை முகத்தை. "இருக்கேன்" என்றாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

உறுப்பு தானத்துக்கான அரசாங்கக் கமிட்டியின் அனுமதி வந்துவிட்டது. நாளை காலை ஆபரேசன். ஜெபமணி போனில் ஜெபம் பண்ணினாள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. நேற்று முன்தினம் என்னை ஐ.சி.யு.விலிருந்து அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தம்பி இன்னும் உள்ளேதான். கல்லீரல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, கண் மஞ்சள் குறைகிறது என்றார்கள். இருமினால் வயிறு இரண்டாகப் பிளக்கிற மாதிரி இருக்கிறது. காலையில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளக் கதவு வரைக்கும் நடந்தேன்.

அம்மா இங்கேயேதான் இருக்கிறாள். தலை பின்னிவிட்டாள். கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் கொடுத்தாள். தூக்கத்தில் நான் முனகியதாகவும் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்காக நான் அழுத வயதில் இப்படித்தான் முனகுவேன் என்றும் சொன்னாள். எனக்கு அந்த நாய்க்குட்டி நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது.

சாயங்காலம் ஐ.சி.யு.வில் பார்க்க விடுகிற நேரம். அண்ணன் வாசலில் தலையை நீட்டி, "தம்பி கண்ண முழிச்சுப் பேசுதான். அம்மா, வாரியா?" என்றான். அம்மா பாதி எழுந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். அவள் கண் கதவிலேயே இருந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

"போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றேன்.

"ஒங்கூட இருக்கேன்னு சொல்லியிருக்கேன்லா" என்றாள்.

நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை.